பத்தாவது சொல்

நான் சொல்லப்போவது எங்கள் யுனிவர்சிட்டியில் நடந்தது, பஸ் திரும்புகிற வட்டத்துக்குத் தெற்கே ஒரு பூவரசு நிற்கிறதே, அதன் நிழலில் இருக்கிற என் டீக்கடைக்கு நேர் எதிரே உள்ள மஞ்சள் கட்டடத்தில் நடந்தது, நடந்தபோது நான் இந்தப் பக்கம் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன், அதனால் வேறு யாராவது இதை மாற்றிச் சொன்னால் நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள், நம்பத் தேவையில்லை.

அந்தக் கட்டடத்தில் மனசைப் படிக்கிறார்கள். மனசு அழுகிறது, பயப்படுகிறது, அதைப் படிக்கிறவர்கள் மாடியில். கீழே இருக்கிறவர்கள் படிப்பது, மனசு ஒன்றை எப்படிப் பிடிக்கிறது, பிடித்ததை எங்கே கொண்டு வைக்கிறது, வைத்ததை எப்படித் தொலைக்கிறது என்று. வாசலில் அறிதல் உளவியல் என்று போர்டு தொங்கும். அதில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தவள் பேராச்செல்வி. புளியங்குடிப் பிள்ளை. அப்பா எலுமிச்சை மூட்டை ஏற்றுகிறவர். அவள் பேசினால் மெதுவாக, ஒரு சொல் விழுந்து அடங்கிய பிறகுதான் அடுத்த சொல் வரும், அதற்கே மேடம் அவளை அந்த வேலைக்கு வைத்தார்கள் என்று சொல்லுவார்கள். மேடம் என்றால் டாக்டர் வயலட் ஞானசுந்தரி.

செல்வியின் ஆராய்ச்சி இவ்வளவுதான். ஒரு ஆளைக் கூட்டிப்போய் கடைசி அறையில் நாற்காலியில் உட்கார வைப்பாள். இருபது பொருள்களின் பேரை, இரண்டு விநாடிக்கு ஒன்றாக, வாசிப்பாள். ஏணி, சீப்பு, குடை, கத்திரிக்காய், பாய், இப்படி. முடிந்ததும் நூறிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணச் சொல்லுவாள், மனசு அந்தச் சொற்களை அடைகாத்துக்கொண்டே இருக்கக்கூடாது என்பதற்காக. பிறகு, ஞாபகம் இருக்கிறதைச் சொல்லுங்கள் என்பாள். எல்லாருக்கும் முதலில் கேட்டது நிற்கும், கடைசியில் கேட்டதும் நிற்கும், நடுவில் கேட்டதுதான் போகும். அதைக் கோடாகப் போட்டால் ஆள் படுத்த கயிற்றுக் கட்டில் மாதிரி நடுவில் தொய்ந்து இருக்கும். தை பிறப்பதற்குள் அறுபது கட்டில் வேண்டும் அவளுக்கு. ஆனால் ஆள் வரவேண்டுமே. "அண்ணே, இருபது நிமிசந்தான், ஊசி கீசி கிடையாது" என்று என் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் கேட்பாள், அவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போவார்கள், எனக்கும் அதில் நஷ்டம்தான்.

முதலில் உட்கார்ந்தவன் வரலாறு படிக்கிற ராயப்பன். பதினொரு சொல் சொன்னான். சொல்லி முடித்து, "அவ்ளோதான்கா" என்றதும் அவன் நாற்காலிக்குப் பின்னால், மதிலிலிருந்து பூனை குதிக்கிற மாதிரி மெத்தென்று ஒரு சத்தம், அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. குடை விழுந்தது. பாய் விழுந்தது. கரண்டி, கத்திரிக்காய், சங்கு விழுந்தது. ஆடு நாலு காலையும் ஊன்றி நின்றுகொண்டு விழுந்தது. செல்வி எழுந்து எண்ணினாள். பதினொன்று சொன்னான், ஒன்பது விழுந்திருக்கிறது, கூட்டினால் இருபது. மேடத்தைக் கூட்டி வந்து காட்டினாள். மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஆட்டைப் பார்த்தார்கள், குடையை விரித்துப் பார்த்தார்கள்.

"எண்ணிக்கை ஒத்து வருதா?"

"ஒத்து வருது மேடம்."

"அப்பம் மேல செய். ஆட்ட மட்டும் வெளிய கட்டு."

அந்தப் பொருள்களுக்கு ஒரு குணம் இருந்தது. ஆடு என்று நீங்கள் சொன்னதும் உங்கள் மனசுக்குள் ஒரு ஆடு வந்து நிற்குமே, வெள்ளாடும் இல்லாமல் செம்மறியும் இல்லாமல், அந்த ஆடுதான் அது. குடை கறுப்புக் குடை. கத்திரிக்காய் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்துக் கத்திரிக்காய், ஒரு சொத்தை கிடையாது. சமைத்தால் ருசி ஒரு பொட்டு கம்மி, உப்புப் போட்டுக்கொண்டால் தெரியாது. ஒரு தடவை ஜன்னல் ஒன்று விழுந்தது. கொண்டுபோய்ச் சுவரில் சாத்தித் திறந்து பார்த்தார்கள், அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது, மூடி வைத்துவிட்டார்கள்.

பிறகு ஆளுக்குப் பஞ்சமே இல்லை. காலை பத்து மணிக்கு வரிசை நூலக வாசல் வரைக்கும் நிற்கும். ஹாஸ்டல் சமையல்காரி ராஜமணிக்கு விஷயம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது, நடுவில் இருப்பதுதான் நழுவுகிறது என்று. "ஏம்மா செல்வி, அந்தக் குக்கர் இருக்குல்லா, அதப் பத்தாவதா வாசியேன்" என்று வந்து நின்றாள். செல்வி இளகின மனசுக்காரி, வாசித்தாள், பொருளாதாரம் படிக்கிற ஒருத்தன் மறந்தான், விசில் சமேதம் விழுந்தது. மறுநாள் ஆபீஸ்காரர்கள் நாற்காலி கேட்டு வந்தார்கள், அதுவும் விழுந்தது. அதற்கு மறுநாள் மேடம் கதவில் ஒரு தாளை ஒட்டிவிட்டார்கள். இது ரேஷன் கடை அல்ல, பொருள் கேட்டு வரக்கூடாது, பட்டியலில் உயிருள்ளது எதுவும் இனி இடம்பெறாது. அந்தத் தாளின் கீழ்ப்பாதியை ஆடு தின்றது.

விழுந்தது நிலைக்குமா என்ற கேள்விக்குப் பதிலை அந்த ஆடுதான் சொன்னது. நூலகத்துக்கு முன்னால் புல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மாசம் இருந்தது, எல்லாருக்கும் செல்லம். ராயப்பன் ஒருநாள் ஊருக்குப் போகிறான், ஆலங்குளம் தாண்டி பஸ்ஸை மறித்து ஆட்டு மந்தை போகிறது, "அடச்சே, ஆடு" என்று தலையில் தட்டிக்கொண்டிருக்கிறான், இங்கே நூலக வாசலில் ஆடு இல்லை. அது கடித்துக்கொண்டிருந்த பூவரச இலை மட்டும் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே விழுந்தது. அதே வாரம் ஹாஸ்டலில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், எந்தெந்த ஊரிலோ யார் யாருக்கோ ஞாபகம் வந்து, ஒரு அண்டாக் குழம்பில் இருந்த கத்திரிக்காய் அத்தனையும் போய் வெறும் சாறு நின்றது. மறந்தவனுக்கு நினைப்பு வந்தால் பொருள் போய்விடும், சட்டம் அதுதான்.

அதற்குப் பிறகு எங்கள் யுனிவர்சிட்டியில் பேச்சே மாறிப்போயிற்று. யார் எதை மறந்தவர் என்று யாருக்குத் தெரியும், யார் வாயிலிருந்து வருகிற சொல் யார் வீட்டுப் பாயை உருவிக்கொண்டு போகும் என்று யாருக்குத் தெரியும். அதனால் ஒருத்தர் முன்னால் ஒருத்தர் பொருளின் பேரைச் சொல்லுவதை விட்டோம். "அத எடு", "இதுல இருங்க", "வெயிலுக்கு அந்த விரிக்கிறத கொண்டு போ." ஆபீஸில் துணைப் பதிவாளர் ஐயாவே, "ஏய், உக்காருறதுல உக்காரு" என்றுதான் சொல்லுவார். வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, இங்கே எல்லாருக்கும் மறதி நோய் என்று நினைத்து மாலையே பஸ் ஏறிவிட்டார். எங்களுக்கு அது பழகிப்போயிற்று. ஒரு பொருளைப் பேர் சொல்லாமல் கேட்டால் கொஞ்சம் பணிவாகத்தான் கேட்கவேண்டியிருக்கிறது, அதில் சண்டைகூடக் குறைந்தது.

இதிலெல்லாம் சேராத ஒரே ஆள் கொம்பையா அண்ணாச்சி, மெயின் கேட் செக்யூரிட்டி. காக்கிச் சட்டை, அறுபதை ஒட்டின வயசு. முந்தி லாரியில் ஓடினவர். செல்வி எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறாள். "எனக்கு ஒண்ணும் வேண்டாம் தாயி, என்கிட்ட இருக்கதையே வைக்க எடம் இல்ல" என்று சொல்லிவிடுவார். அவரிடம் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டி, அதைத்தான் சொன்னார்.

கார்த்திகை மாசம், ஐம்பத்தொன்பது பேர் முடிந்து ஒருத்தர் பாக்கி. ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணி டீக்கு வந்த அண்ணாச்சி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். செல்வி பெஞ்சில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

"தாயி, பொருளுதான் வருமா, ஆளும் வருமா?"

"எந்த ஆளு அண்ணாச்சி?"

"மாடத்தி. எங்க வீட்டுக்காரி."

அவரே சொன்னார். கட்டி ஒன்பது வருஷம் இருந்தாள். பிள்ளை இல்லை. நாக்பூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு இவர் போயிருந்தபோது காய்ச்சலில் போய்விட்டாள், வந்து சேர்ந்தபோது மூன்றாம் நாள். இப்போது முப்பத்தொரு வருஷம் ஆகிறது. போட்டோ ஒன்றுகூடக் கிடையாது, எடுக்கலாம் எடுக்கலாம் என்று இருந்திருக்கிறார்கள்.

"இவ்ளோ நாளும் அவ மொகம் என்கிட்டதான் இருந்துச்சு தாயி. இப்பம் அழியுது. முந்தாநேத்து யோசிச்சிப் பாக்கேன், மூக்குத்தி எந்தப் பக்கம்னு தெரியல. இடது பக்கம்னுதான் நெனச்சிருந்தேன். இடதுல வச்சிப் பாத்தா அது அவ மாதிரி இல்ல. நாளைக்கு மூக்கும் போயிரும், அப்புறம் பேரு போயிரும். எப்பிடியும் மறக்கத்தான் போறேன். வெறும்னே மறந்து காத்துல போறதுக்கு, உன் ரூம்ல வந்து மறந்தா அவளாவது வருவாள்லா."

செல்வி வடையைக் கீழே வைத்தாள். "மேடம் உயிருள்ளது கூடாதுன்னு ஒட்டியிருக்காங்களே அண்ணாச்சி."

"அவ உயிரோட இல்லையே தாயி."

செல்விக்கு வேறொன்றும் உறுத்தியது, அதையும் சொன்னாள். "அவங்க வந்தாலும், இவ மாடத்தின்னு ஒங்களுக்கு நெனப்பு வந்த நிமிசமே போயிருவாங்க. ஆடு போச்சுல்லா, அது மாதிரி."

"அதுக்கும் யோசிச்சிருக்கேன். எனக்கு அவளக் காட்டிச் சொல்லிராத. அவளுக்கு என்னக் காட்டிச் சொல்லிரு, இந்தா நிக்காரே காக்கிச் சட்ட, இவருதான் ஒன் வீட்டுக்காரர், கொஞ்சம் வயசாயிட்டுன்னு. அவளுக்கு என்னத் தெரிஞ்சாப் போதும். நான் யாரோ எவரோன்னு நெனச்சி ஒரு டீ வாங்கிக் குடுத்துருவேன்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி, அவளுக்கு சீனி தூக்கலாப் போடணும்."

போடுகிறேன் அண்ணாச்சி என்றேன். வேறு என்ன சொல்ல.

மறுநாள் சனிக்கிழமை, மேடம் வராத நாள். மத்தியானம் மூன்று மணிக்கு கொம்பையா அண்ணாச்சி முகச்சவரம் செய்து, நெற்றியில் விபூதி பூசி, கையில் ஒரு துணிப்பையோடு வந்தார். பைக்குள் ஒரு புதுச் சேலை, அரக்குக் கலர், ரெண்டு முழம் பிச்சிப்பூ. விழுகிற பொருளெல்லாம் துணியோடா வருகிறது, வந்த பிள்ளை எதைக் கட்டும் என்று அவருக்குக் கவலை. பையை என்னிடம் கொடுத்து அறைக்குள் ஒரு ஓரமாக என்னை நிற்கச் சொன்னார். பூவை வாசத்துக்குத் தெரியாதபடி முந்தியில் சுற்றிக்கொண்டு நின்றேன். எங்கள் கட்டடத்துச் செய்தி நாலு பேருக்குத் தெரியாமல் இருக்குமா, ஜன்னலுக்கு வெளியே ராஜமணியும் ராயப்பனும் ஆபீஸ்காரர்களும் மூச்சுவிடாமல் நின்றார்கள்.

செல்வி வாசித்தாள். ஏணி. சீப்பு. பாய். சோப்பு. குடை. கரண்டி. சங்கு. விளக்கு. சக்கரம். பத்தாவதாக, மற்றச் சொல்லுக்கு விட்ட அதே இரண்டு விநாடி விட்டு, மற்றச் சொல்லைச் சொன்ன அதே குரலில், மாடத்தி என்றாள். அவள் படித்த படிப்பு எவ்வளவு பெரிய படிப்பு என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது, ஏனென்றால் எனக்கு அப்படிச் சொல்ல வந்திருக்காது. பிறகு ஆணி. தேங்காய். முறம். சுக்கு. தபால்பெட்டி. அப்படியே போய்க் கடைசியில் பூட்டு.

நூறிலிருந்து மும்மூன்றாகக் குறைக்கச் சொன்னாள். லாரிக்காரர், தடுமாறாமல் எண்ணினார். தொண்ணூத்தேழு, தொண்ணூத்திநாலு, தொண்ணூத்தொண்ணு. போதும் அண்ணாச்சி, இப்பம் ஞாபகம் இருக்கதச் சொல்லுங்க என்றாள்.

கொம்பையா அண்ணாச்சி கண்ணை மூடினார். மூடினவர் திறக்கவில்லை, வாயும் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பின்னால் ஒரு பொருள் விழுந்தது, திரும்பிப் பார்த்தால் ஏணி. முதல் சொல் விழுந்து நாங்கள் பார்த்ததே இல்லை, ஐம்பத்தொன்பது பேரில் ஒருத்தருக்கும் ஏணி விழுந்ததில்லை. அப்புறம் பூட்டு விழுந்தது, அது கடைசிச் சொல், அதுவும் யாருக்கும் விழுந்ததில்லை. அப்புறம் சீப்பு, சங்கு, முறம், விளக்கு, உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்ற சக்கரம், தேங்காய், ஒற்றை ஆணி, தபால்பெட்டி. செல்வி விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். பத்தொன்பது. நான் பையிலிருந்து சேலையை எடுத்துப் பிரித்துத் தயாராகப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது அவர் வாய் திறந்தார்.

"மாடத்தி."

சொல்லிவிட்டு, கண்ணைத் திறக்காமலே, பக்கத்தில் இருக்கிற ஆளிடம் சொல்லுகிற மாதிரி சொன்னார், "வலது பக்கம். வலது மூக்குலதான் போட்டிருந்தா. எள்ளுப்பூ அளவு, செவப்புக் கல்லு. இடது பக்கம் குத்தப்போயி சீழ் வச்சி, மறுபடி வலதுல குத்துனாங்க. நான்தான் வேப்பெண்ண போட்டு விட்டேன்."

கண்ணைத் திறந்து எழுந்து பார்க்கப் போனார். நான் குறுக்கே பாய்ந்து பிரித்த சேலையை ரெண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன், அவர் பார்வை அந்தச் சாமான்கள் மேல் பட்டு ஒன்றொன்றாக நினைப்பு வந்துவிடக்கூடாதே என்று. இப்படிச் சேலைக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் பத்தொன்பது பொருளுமாக நின்றோம்.

"வரலையா தங்கச்சி?"

"வரல அண்ணாச்சி."

அவர் கை ரெண்டும் தொங்கிப்போயிற்று. "ஒரு வேலைக்கும் ஆகாதவன். மறக்கக்கூட முடியல பாரு" என்றார்.

செல்வி மேசையில் உட்கார்ந்து கட்டம் போட்ட தாளை எடுத்துக் கோடு போட்டாள். போட்டு முடித்ததும் ரெண்டு தாளை அவர் முன்னால் வைத்தாள்.

"இது எல்லாரும் அண்ணாச்சி. ஐம்பத்தொம்பது பேரு. ஆரம்பத்துல ஒசந்து, நடுவுல தொய்ஞ்சி, கடைசில ஏறுது பாருங்க. நடுவுல வந்தது யாருக்கும் நிக்காது. எனக்கும் நிக்காது, மேடத்துக்கும் நிக்காது. மனசு அப்பிடித்தான் செஞ்சிருக்கு." அடுத்த தாளைத் தள்ளினாள். "இது நீங்க."

அந்தத் தாளில் கோடு தரையோடு தரையாக வந்தது, மொட்டைக் காடு மாதிரி. சரியாக நடுவில் ஒரே ஒரு இடத்தில் உச்சி வரைக்கும் ஏறி நின்றது. பிறகு மறுபடி தரை, கடைசி வரைக்கும்.

"இந்த ஒத்தப் பன?" என்றார்.

"அது அவங்க."

கண்ணாடி இல்லாமல் தெரியவில்லையோ என்னவோ, தாளைத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அந்த இடத்தில் விரலை வைத்து மேலும் கீழும் தடவிப் பார்த்தார்.

"அப்பம் நான் மறக்கலையா தாயி?"

"மறந்துருந்தா விழுந்துருக்கணும்லா."

"விழலைல்லா?"

"விழல அண்ணாச்சி. எண்ணிட்டேன். பத்தொம்பதுதான்."

ஜன்னலுக்கு வெளியே ராஜமணி மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி தாளை நாலாக மடிக்கப் போனார், செல்வி தடுத்து, மடிக்க வேண்டாம் என்று வாங்கி வைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை மேடம் வந்து, கேட்டு, பார்த்து, கோபப்பட்டார்கள். பட்டியலை மாற்றினது தப்பு, பேரைப் போட்டது பெரிய தப்பு, இந்த ஆளை அறுபதில் சேர்க்க முடியாது, வேறு ஆளைப் பிடி என்றார்கள். செல்வி தலையை ஆட்டினாள். அறுபதாவதாகத் தபால்காரர் உட்கார்ந்தார், அழகாக நடுவில் தொய்ந்தார், தை பிறப்பதற்கு நாலு நாள் முன்னால் எல்லாம் கட்டி முடிந்தது. அவள் இப்போது டாக்டர் பேராச்செல்வி, கோவில்பட்டிப் பக்கம் ஒரு காலேஜில் வேலை. ஆனால் அன்றைக்கு மேடம் கோபப்பட்ட கையோடு என்ன செய்தார்கள் என்றால், அந்தத் தாளைத் தன் அறைக்கு எடுத்துப்போய், அடியில் பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, டிபார்ட்மென்ட் சீலையும் குத்தி, "கண்ணாடி போட்டுக் குடு, மழைல நனைஞ்சிராம" என்று செல்வியிடம் கொடுத்தார்கள்.

விழுந்த பொருள்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டன. ஆளுக்கு ஆள் நினைப்பு வர வர ராஜமணியின் குக்கர் அடுப்பிலிருந்தே போயிற்று, ஆபீஸ் நாற்காலி கண்காணிப்பாளர் உட்கார்ந்திருக்கும்போதே போயிற்று. கொம்பையா அண்ணாச்சியின் பத்தொன்பது மட்டும் ஒன்றுகூடப் போகவில்லை. அவருக்கு அதில் எதுவும் திரும்ப வரவே இல்லை.

நீங்கள் எங்கள் ஊருக்கு வந்தால் மெயின் கேட்டில் அவருடைய சின்ன அறையைப் பாருங்கள். மற்றவர்கள் சாமி படம் மாட்டுகிற இடத்தில் ஒரு கட்டம் போட்ட தாள் சட்டம் போட்டுத் தொங்கும், வெள்ளிக்கிழமை தவறாமல் பிச்சிப்பூ சாத்தியிருக்கும். இது யார் என்று கேளுங்கள், "எங்க வீட்டுக்காரி" என்று எழுந்து நின்று சொல்லுவார், மூக்குத்தி எந்தப் பக்கம் என்று கேட்டாலும் சொல்லுவார். என் கடைக்கும் கூட்டிவந்து, சீனி தூக்கலாக ஒரு டீ வாங்கித் தருவார்.

ஒன்றே ஒன்று. அந்தப் படத்தை மாட்டியது நாங்கள்தான். அவரைச் சாப்பிட அனுப்பிவிட்டு, அவர் மறந்த ஏணியைச் சாத்தி, அதில் செல்வி ஏறி நிற்க, நான் கீழே பிடித்துக்கொண்டு, அவர் மறந்த இன்னொன்றைச் சுவரில் அடித்து மாட்டினோம். படம் அதை மறைத்துக்கொண்டிருக்கிறது. அவரும் ஒருநாள், "இது எதுல தொங்குது தங்கச்சி" என்று கேட்டார். "அதுபாட்டுக்குத் தொங்குது அண்ணாச்சி" என்று சொல்லி வைத்திருக்கிறேன். நீங்களும் டீயைக் குடித்துவிட்டு, எதைப் பற்றி வேண்டுமானாலும் அவரிடம் பேசுங்கள், அது எதில் தொங்குகிறது என்று மட்டும் அவர் காதுபடச் சொல்லிவிடாதீர்கள்.